கம்பி இல்லாத ஜன்னல்

தாராபுரத்திலிருந்து ஏழு மைல் தள்ளி, அமராவதிக் கரையோரத் தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்த அந்த வீட்டை ஊரில் எல்லோரும் பங்களா என்றுதான் சொல்வார்கள். கட்டியவர் அழகிரிசாமி நாயுடு. கம்போடியா பருத்திக்கு நல்ல விலை இருந்த காலத்தில், நானூறு ஏக்கர் தோட்டத்தின் நடுவே, 1923-ல் கட்டி முடித்தார். அவருடைய மருமகள் அம்புஜம் பத்தொன்பது வயதில் அந்த வீட்டுக்குள் வந்தாள். இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு. மாமனார், மாமியார், பிறகு கணவர் ராமுலு என்று ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்தார்கள். நில உச்சவரம்புச் சட்டத்துக்கும் பாகப் பிரிவினைக்கும் தப்பி மிஞ்சியது அறுபது ஏக்கரும் வீடும். ஒரே மகன், தாத்தாவின் பெயரைத் தாங்கியவன், கோயமுத்தூரில் மில் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் வந்து போவான்.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் மார்கழியில் கோயமுத்தூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து வீட்டை அளக்க ஆட்கள் வந்தார்கள். கொங்கு நாட்டுத் தோட்ட வீடுகளைப் பற்றிப் புத்தகம் போடுகிறார்களாம். கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் ஆறு பேர், கூட ஒரு வாத்தியார். வாத்தியாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் ஜெரோம் என்றார். அதிகம் பேசாத மனிதர். எந்தக் கதவைத் திறப்பதானாலும், "உள்ள போலாங்களா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் திறந்தார்.

அம்புஜத்துக்கு அந்த மூன்று நாளும் கல்யாண வீடு மாதிரி இருந்தது. வருஷக்கணக்காய் யாரும் கேட்காத கேள்விகளை அந்தப் பிள்ளைகள் கேட்டார்கள். அவளும் பின்னால் முன்னால் நடந்து சொல்லிக்கொண்டே இருந்தாள். முன்கூடமான ஆசாரத்தின் தூண்கள் பர்மாத் தேக்கு. மாடியைத் தாங்குகிற இரும்பு உத்தரங்கள், போத்தனூர் யார்டில் ஏலம் எடுத்த பழைய தண்டவாளங்கள். அவற்றைக் காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டிகளில் நாலு நாள் இழுத்து வந்தார்கள். சுவர் இரண்டரை அடி கனம். பூச்சுக்கு அரைத்த சுண்ணாம்பில் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டித் தண்ணீரும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்தது. முட்டை மட்டும் மூவாயிரம் என்று மாமனார் சொல்லுவார்.

"தொட்டுப் பாரு கண்ணு," என்று சண்முகப்ரியா என்ற பெண்ணின் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தாள். "சித்திரை வெயில்லயும் இப்படித்தான் ஜில்லுனு இருக்கும்."

மூன்றாம் நாள் சண்முகப்ரியா ஜன்னல்களை எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பது ஜன்னல். எல்லாம் ஒரே அளவு. எல்லாவற்றிலும் விரற்கனத்தில் இரும்புக் கம்பி. வடபுறம், சமையற்கட்டுக்கு அப்பால் பிரசவ அறை. அங்கே வந்ததும் அவள் நின்றாள்.

"சார், இங்க இன்னொண்ணு இருக்கு."

அறையின் மூலையில், தரையோடு தரையாக, இரண்டடிக்கு ஒன்றரை அடியில் ஒரு சின்னத் திறப்பு. தேக்குப் பலகைக் கதவு. உள்ளே மட்டும் தாழ்ப்பாள். சண்முகப்ரியா குத்தவைத்து அதைத் திறந்தாள். கம்பி இல்லை. மார்கழிக் காலையின் வெளிச்சம் சதுரமாய்த் தரையில் விழுந்தது.

"நாப்பத்தொண்ணு," என்று எழுதிக்கொண்டாள். "இது எதுக்குங்கம்மா இவ்வளவு கீழ வெச்சிருக்காங்க?"

அம்புஜம் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். வாய் தானாகத் திறந்து சொன்னது:

"காத்துக்குங்க. பிள்ளை பெத்தவ தரையில பாய் போட்டுப் படுத்திருப்பா இல்ல. அவளுக்குக் காத்து வரட்டும்னு."

"ஓ, சூப்பருங்கம்மா," என்றாள் அந்தப் பெண். மற்ற பிள்ளைகளும் வந்து பார்த்தார்கள். ஜெரோம் மட்டும் உள்ளே வரவில்லை. வெளியே வீட்டைச் சுற்றிப் போய் அந்த ஜன்னலுக்கு நேராக நின்றார். அவருடைய கால்கள் மட்டும் அம்புஜத்துக்குத் தெரிந்தன. வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு டேப் இழுபடும் சத்தம் கேட்டது. உள்ளே வந்தபோது அவர் எதுவும் கேட்கவில்லை. சாயந்திரம் காபி குடித்துவிட்டு, கும்பிட்டு, வேனில் ஏறிப் போனார்கள்.

*

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் அந்த அறையில்தான் அம்புஜம் மகனைப் பெற்றாள். பால் சுரக்கவில்லை. மூன்று நாள் பார்த்தார்கள். பசும்பாலைத் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டினால் குழந்தை கக்கியது. நாலாம் நாள் மாமியார் பண்ணையாள் மாசாணத்தைக் கூப்பிட்டு, "உன்ர பொண்டாட்டிய வரச்சொல்லு," என்றார்.

மாசாணத்தின் பெண்டாட்டி கருப்பாத்தாள். அம்புஜத்தின் வயதுதான். அவளுக்கு மாசியில் பெண் குழந்தை பிறந்திருந்தது. தோட்டத்துக்கு அப்பால் சேரி வளவில் இருந்தவர்கள் அந்த வீட்டுக்குள் கால் வைக்கக்கூடாது. களத்துக்கு அந்தப் பக்கம் நின்று பேச வேண்டும். ஆனால் வீட்டைக் கட்டும்போதே மாமியார் அதற்கு வழி செய்து வைத்திருந்தார். கொத்தனாரை நிற்க வைத்து, இத்தனை உயரம், இத்தனை அகலம் என்று சொல்லி வைத்த ஜன்னல் அது. கருப்பாத்தாளின் மாமியார் அந்த ஜன்னலுக்கு வெளியே உட்கார்ந்துதான் கைக்குழந்தை ராமுலுவுக்குப் பால் கொடுத்தாள்.

"பாலுக்குத் தீட்டில்ல அம்புஜம். ஆளுக்குத்தான்," என்றார் மாமியார்.

ஒருநாளைக்கு நாலு வேளை. ஜன்னல் கதவு தட்டப்படும். அம்புஜம் பாயிலிருந்து நகர்ந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் குழந்தையை வெளியே நீட்டுவாள். இரண்டு கறுத்த கைகள் வந்து வாங்கிக்கொள்ளும். கீழே கிடந்த கல்லில் கருப்பாத்தாள் உட்கார்ந்துவிட்டால் முகம் தெரியாது. தலை உச்சி மட்டும் தெரியும். குழந்தை விழுங்குகிற சத்தம் கேட்கும். முடிந்ததும் குழந்தை திரும்பி வரும். மாமியார் ஈரத் துணியால் துடைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்.

ஒரு மாதம் போனது. அழகிரி நன்றாகத் தேறிவிட்டான். பால் போதவில்லை என்று அழ ஆரம்பித்தான்.

"நம்ம பிள்ளைக்கு வயிறு ரொம்புன பொறவுதான் உன்ர பிள்ளைக்கு," என்று மாமியார் ஜன்னல் வழியாகச் சொன்னார். "அதுக்கு ராகிக் கூழு கரைச்சு ஊத்து. பொட்டப்புள்ள, கெடந்து வளந்துக்கும்."

அம்புஜம் பக்கத்தில்தான் இருந்தாள். இருபது வயது. வேண்டாம் அத்தை என்று ஒரு வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. மகன் மடியில் கிடந்தான். கன்னம் உப்பியிருந்தது. வார்த்தையை விழுங்கிவிட்டாள்.

ஆடியில் அந்தப் பெண் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு கண்டது. இரண்டு நாள். மூன்றாம் நாள் காலையில் மாசாணம் களத்தோரம் வந்து துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். இன்றைக்கு வேலைக்கு வர முடியாது, குழந்தையைப் புதைக்க வேண்டும் என்றான்.

"சரி, போ," என்றார் மாமியார். அவன் திரும்பி நடந்ததும் மறுபடி கூப்பிட்டார். "அவள மட்டும் பொழுதோட அனுப்பிவெய்யி. பாலு கட்டிக்கிச்சுன்னா நோவும்."

பொழுது சாயும் நேரத்துக்கு ஜன்னல் தட்டப்பட்டது. அம்புஜம் தாழ்ப்பாளை நீக்கினாள். அதே கைகள். மண் ஒட்டியிருந்த விரல் நகங்கள். அம்புஜம் மகனை அந்தக் கைகளில் வைத்தாள். கருப்பாத்தாள் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அழுகைச் சத்தம் வரும், திட்டுச் சத்தம் வரும் என்று அம்புஜம் சுவரோடு ஒட்டிக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. மகன் விழுங்குகிற சத்தம் மட்டும், எப்போதையும்விட நிதானமாக, நிறையக் கேட்டது.

அழகிரிக்கு ஒரு வயது ஆகும்வரை கருப்பாத்தாள் வந்தாள். அதற்குப் பிறகு அறுப்புக்கும் களையெடுப்புக்கும் வந்தாள். அம்புஜமும் அவளும் எத்தனையோ முறை எதிரெதிரே பார்த்திருக்கிறார்கள். மழையைப் பற்றி, கூலியைப் பற்றி, மாட்டைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள். அந்த ஆடி மாதத்தைப் பற்றி இருவரும் முப்பத்தெட்டு வருஷமாய் ஒரு சொல் பேசியதில்லை.

*

ஆனி மாதம் தபாலில் புத்தகம் வந்தது. வழவழப்பான தாள். தமிழிலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தார்கள். பங்களாவுக்கு மட்டும் பதினான்கு பக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை வந்த அழகிரி அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"பாருங்கம்மா, நம்ம ஊட்டப் பத்தி எவ்வளவு எழுதியிருக்காங்க," என்று ஆசாரத்து நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்தான். தண்டவாளம், மூவாயிரம் முட்டை, எல்லாம் இருந்தன. பதினொன்றாம் பக்கத்தில் பாதிப் பக்கத்துக்கு அந்த ஜன்னலின் போட்டோ. கீழே எழுதியிருந்ததை அவன் படித்தான்:

"பிரசவித்த தாய்மாரின் நலனில் இவ்வீட்டார் கொண்டிருந்த கரிசனத்துக்கு இந்தத் தாழ்ந்த காற்று ஜன்னல் ஓர் அழகிய சான்று. இப்பகுதியில் வேறெந்த வீட்டிலும் இத்தகைய அமைப்பு காணப்படவில்லை."

கரிசனம் என்ற சொல் காதில் விழுந்ததும் அம்புஜம் குடிப்பதை நிறுத்தினாள். டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நல்லா இருக்குதில்ல?" என்றான் மகன்.

"இருக்குது," என்றாள்.

அன்றைக்கும் மறுநாளும் அவளால் சோறு உண்ண முடியவில்லை. வாயால் சொன்ன பொய் காற்றோடு போயிருக்கும். இது அச்சாகிவிட்டது. இனி அந்த ஜன்னலைப் பார்க்கிறவர்கள் எல்லாம் மாமியாரைப் புகழ்வார்கள். அவளையும் புகழ்வார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் குடையை எடுத்துக்கொண்டு காலனிக்கு நடந்தாள். பழைய வளவு இருந்த இடத்தில்தான் அரசாங்கம் வீடு கட்டிக் கொடுத்திருந்தது. பக்கத்திலேயே இருந்தும் அவள் அங்கே போனது அதுதான் முதல்முறை. ஒரு பையனைக் கேட்டு வீட்டைக் கண்டுபிடித்தாள். மாசாணம் இறந்து பல வருஷமாகிவிட்டது. பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருந்தார்கள். கருப்பாத்தாள் வேப்பமர நிழலில் சாக்கை விரித்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். ஒற்றைநாடி உடம்பு, முழுக்க நரைத்த தலை. அம்புஜத்தைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க அம்மணி, ஆளுகிட்டச் சொல்லியுட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே."

"நான்தான் வரோணும். உக்காரு."

கருப்பாத்தாள் உட்காரவில்லை. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். அம்புஜம் உட்கார்ந்த பிறகுதான் சாக்கில் உட்கார்ந்து மறுபடி கடலையை எடுத்தாள்.

எப்படித் தொடங்குவது என்று அம்புஜம் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது.

"காலேஜுலிருந்து வந்து ஊட்ட அளந்துட்டுப் போனாங்க. அந்த வடக்கு ஜன்னல் எதுக்குன்னு கேட்டாங்க," என்றாள். "காத்துக்குன்னு சொல்லிப்போட்டேன், கருப்பாத்தா. புஸ்தகத்துல அப்படியே போட்டுட்டாங்க."

கருப்பாத்தாள் இரண்டு கடலையை உடைத்துப் பருப்பை முறத்தில் போட்டாள்.

"காத்துக்குன்னுங்களா," என்றாள். "காத்தும் வந்துச்சுங்க. இல்லீன்னு சொல்ல முடியாது. மார்கழியில அந்தக் கல்லுமேல உக்காந்தா முதுகு வெறைச்சுப் போகும்."

"நான் அதை மாத்தி எழுதச் சொல்லப் போறேன். நடந்தது நடந்தபடி. உன்ர பிள்ளையப் பத்தியும் சொல்லோணும்." அம்புஜம் குடையை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு அத்தை சொன்னது என்ர காதுல உளுந்துச்சு. நான் வாயத் தொறக்கல."

"தெரியுமுங்க. நீங்க உள்ள உக்காந்திருந்தது எனக்குத் தெரியாதுங்களா? உங்க வளையல் சத்தம் கேட்டுட்டேதானுங்க இருந்துச்சு."

கருப்பாத்தாள் அடுத்த கடலையை எடுத்து உடைத்தாள். அடுத்த வீட்டில் ரேடியோவில் யாரோ உர விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"பிள்ளைக்குப் பேரு வெச்சிருந்தயா?" என்று அம்புஜம் கேட்டாள்.

"வெச்சிருந்தனுங்க."

"என்ன பேரு?"

கருப்பாத்தாளின் கை நின்றது. முறத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இல்லை.

"அதச் சொல்லமாட்டனுங்க அம்மணி. தப்பா நெனச்சுக்காதீங்க. கேட்டதையெல்லாம் குடுத்துட்டனுங்க. வேலைக்கு வான்னீங்க, வந்தேன். பாலுன்னீங்க, குடுத்தேன். பொதைச்சுப்போட்டு வந்த கையோட குடுத்தேன். இது ஒண்ணாவது என்ர கிட்ட இருந்துட்டுப் போகட்டுமுங்க."

அம்புஜத்துக்கு அழுகை வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பாத்தாள் அவளை அழ வேண்டாம் என்று சொல்லவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

எழுந்து குடையை விரித்தபோது கருப்பாத்தாள் கேட்டாள்:

"சின்னவருக்கு மூச்சு எரைக்கறது நின்னுபோச்சுங்களா? சின்னதுல பாலு குடிக்கும்போதே விட்டு விட்டு எரைக்கும்."

"இல்ல. இன்னும் இருக்குது. மருந்து பாக்கெட்டுலயே வெச்சிருக்கறான்."

"ஆடிக் காத்து வருது. பாத்து இருக்கச் சொல்லுங்க."

*

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். முழுவதும் கேட்டான். கையை இலையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

"அந்தக் காலத்துல எல்லா ஊட்லயும் நடந்ததுதானுங்கம்மா. நாம மட்டுமா?" என்றான் கடைசியில்.

"எல்லா ஊட்லயும் அதுக்குன்னு ஜன்னல் வெச்சுக் கட்டல. நாம கட்டியிருக்கறோம்."

"சரி. அதை எழுதி, நாலு பேரு படிச்சு, என்ன ஆகப்போகுது? பாட்டி பேரு கெட்டுப்போகும். என்னைப் பாக்கறவனெல்லாம் ஒரு மாதிரி பாப்பான். எனக்கு அப்போ மூணு மாசம்மா. நான் என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. பண்ணினவ நான்."

அவன் இலையை மடித்துவிட்டு எழுந்தான். கார் கிளம்பும்போது கண்ணாடியை இறக்கி, "அவங்க ஊடு காலனியில எந்தப் பக்கம்?" என்று கேட்டான். வேப்பமரத்தை அடையாளம் சொன்னாள். போனானா இல்லையா என்று அவள் பிறகு கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை.

ஜெரோமுக்கு அவள் எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். அதற்கு நாலு தாளைக் கிழித்தாள். கடிதம் போய்ச் சேர்ந்த வாரமே அவர் பஸ் ஏறி வந்துவிட்டார். ஆசாரத்தில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியுமுங்கம்மா," என்றார்.

அம்புஜம் நிமிர்ந்து பார்த்தாள்.

"உள்ள நின்னு பாத்தா காத்துக்குன்னுதான் தோணும். வெளிய போய் நின்னேன். ஜன்னலுக்குக் கீழ ஒரு கல்லு கெடக்குது. நடுவுல குழியாத் தேஞ்சிருக்குது. காத்து வரதுக்குக் கல்லு எதுக்குங்க? கம்பியும் இல்ல. குழந்தை போகோணும்னா கம்பி இருக்கக்கூடாது." பையைக் கீழே இறக்கி வைத்தார். "எங்க அப்பத்தா பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்துல இதே வேலை செஞ்சவங்க. அங்க ஜன்னல்கூட இல்லீங்க. மாட்டுச்சாளையில."

"அப்ப ஏன் நீங்க எழுதல?"

"உங்க ஊடு. உங்க வாயால வராம நான் எழுதினா வழக்குப் போடுவீங்களோ என்னமோன்னு காலேஜுல பயந்தாங்க. நானும் பயந்துட்டேன். கரிசனம்னு எழுதினது நான் இல்லீங்க. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னால படிச்சேன். படிச்சுட்டு விட்டுட்டேன்." அவர் தலைகுனிந்தார். "வரைபடத்துல அந்தக் கல்லை மட்டும் வரைஞ்சு வெச்சேன். பேரு போடாம."

அம்புஜம் புத்தகத்தை எடுத்துவந்து புரட்டினாள். வீட்டின் வரைபடத்தில் வடசுவருக்கு வெளியே, எந்த எழுத்தும் இல்லாமல், ஒரு சின்னச் செவ்வகம் இருந்தது. அத்தனை நாள் அவள் கண்ணில் அது படவில்லை.

பாக்கியிருக்கும் புத்தகங்களில் ஒட்டுவதற்கு ஒரு திருத்தத் தாள் அச்சடிக்கலாம் என்று அவர் சொன்னார். கருப்பாத்தாளின் பெயரைப் போடுவதற்கு அவளிடமே கேட்க வேண்டும் என்று காலனிக்குப் போனார். அம்புஜம் கூடப் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். கண் சிவந்திருந்தது.

"அவங்க பேரும் மாசாணம் பேரும் போட்டுக்கச் சொன்னாங்க. அவங்க மாமியார் பேரையும் சொல்லி, அதையும் போடோணும்னாங்க. பாவாத்தாள்."

தன் கணவருக்குப் பால் கொடுத்தவளின் பெயர் அம்புஜத்துக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பிள்ளையோட பேரு?"

"அது நான் கேக்கலீங்கம்மா."

ஆறு வரியில் தாள் அச்சாகி வந்தது. கல்லூரியில் இருந்த இருநூறு புத்தகங்களில் ஒட்டினார்கள். அதற்கு முன்பே வெளியே போனவை முந்நூறு. அவற்றை யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஆடி அமாவாசை வந்தது. எல்லா வருஷமும் போல அம்புஜம் குளித்து, இறந்தவர்களுக்கு ஆசாரத்தில் இலை போட்டாள். மாமனாருக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று, ராமுலுவுக்கு ஒன்று. சோறும் பருப்பும் அவரைக்காய்ப் பொரியலும் வடையும் வைத்தாள். பிறகு நாலாவதாக ஒரு தளிர் இலையை, கை அகலம்கூட இல்லாத நுனி இலையை எடுத்து ஓரமாய்ப் போட்டாள். ஒரு கிண்ணத்தில் காய்ச்சிய பாலை ஊற்றி அதன்மேல் வைத்தாள்.

கற்பூரத்தைப் பொருத்தி ஒவ்வொருவராய்ப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நாலாவது இலைக்கு வந்ததும் கூப்பிடப் பெயர் இல்லை. அப்படியே நின்றாள். கற்பூரம் எரிந்து தணிந்தது. தூரத்தில் ஆற்றுப் பக்கம் தென்னைகளில் ஆடிக் காற்று இரைந்தது. பெயர் தெரியாதது மட்டும் அல்ல, இந்த இலையைப் போடும் உரிமையும் தனக்கு இல்லை என்று அவளுக்குப் பட்டது. அந்தக் குழந்தைக்குச் சோறு வைக்க வேண்டியவள் அரை மைல் தள்ளி உயிரோடு இருக்கிறாள். அவள் இன்றைக்கு வைத்திருப்பாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள்.

அம்புஜம் குனிந்து கிண்ணத்தை எடுத்தாள். இலையையும் எடுத்துத் துடைத்து, நாலாய் மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, மற்ற மூன்று இலைகளுக்கும் முன்னால் வெறுமனே நின்றாள்.